இடது கால் எங்கே இருக்கிறது

முதல் அறிகுறி காரிலிருந்து வந்தது. ஐப்பசி மாதம், உக்கடம் மேம்பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தேன். ஏதோ கருகும் நெடி. இஸ்திரிப் பெட்டியைத் துணிமேல் மறந்து வைத்துவிட்டது போல. முன்னால் போகிற லாரியின் பிரேக்காக இருக்கும் என்று கண்ணாடியை ஏற்றினேன். நெடி உள்ளேதான் இருந்தது. ஆக்சிலேட்டரை அழுத்தினால் என்ஜின் உறுமியது. வண்டி மட்டும் யோசித்து யோசித்து நகர்ந்தது.

உடம்பைப் பற்றி எழுத உட்கார்ந்து காரில் தொடங்குகிறேனே என்று நினைக்க வேண்டாம். என் விஷயத்தில் இரண்டுக்கும் நடுவில் இருந்தது ஒரு மிதிதான்.

கியர் வண்டி ஓட்டாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். இடது காலடியில் இருக்கும் மிதி கிளட்ச். அதை அழுத்தினால் என்ஜினும் சக்கரமும் கைவிட்டுப் பிரிகின்றன. அந்த இடைவெளியில் கியரை மாற்றிவிட்டு, காலை மெதுவாக எடுத்தால் மறுபடி சேர்கின்றன. சேர்த்துவைப்பது ஒரு வட்டத் தகடு. காலை முழுக்க எடுக்காமல் மிதிமேல் வைத்துக்கொண்டே ஓட்டினால் அந்தத் தகடு பாதி சேர்ந்தும் பாதி பிரிந்தும் உரசிக்கொண்டே இருக்கும். உரசி உரசிக் கருகிவிடும்.

எனக்கு இதெல்லாம் தெரியும். இருபத்திரண்டு வருடமாக ஓட்டுகிறேன். தென்னை நார்க்கழிவைக் கட்டியாக அழுத்தி வெளிநாட்டுக்கு அனுப்பும் ஆலைகளில் உப்புத்தன்மை பார்ப்பது என் வேலை. ஆர்.எஸ்.புரத்தில் வாடகைக்கு ஒரு மாடி வீடு. அங்கிருந்து பொள்ளாச்சிப் பக்கம் வாரத்தில் நான்கு நாள் போய்வருவேன். எந்த மேட்டில் இரண்டாவது கியர் போதும், எங்கே முதலுக்கு இறங்க வேண்டும் என்பதைக் கால் தானாகவே அறிந்துவைத்திருந்தது. அப்படித்தான் நம்பியிருந்தேன்.

கரும்புக்கடைப் பகுதியில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் உண்டு. பாய் என்றுதான் கூப்பிடுவேன். நாற்பது வயதிருக்கும், சிரித்த முகம். தகட்டை மாற்றிக் கொடுத்தார். "தேஞ்சுபோச்சுங்க்கா, வேறொண்ணுமில்லீங்க" என்றார். மூன்று மாதம் போனது. தை பிறந்ததும் அதே நெடி.

இந்த முறை பாய் கழற்றிய தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். புதுத் தகடு போட்டதும், "ஒரு ரவுண்டு போலாங்களா?" என்று பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டார். இரண்டாவது கியர். மூன்றாவது. அவர் ரோட்டையே பார்க்கவில்லை. குனிந்து என் காலடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, கால எடுங்க."

"எடுத்துட்டேனே பாய்."

"இல்லீங்க்கா. வண்டிய ஓரங்கட்டிப் பாருங்க."

நிறுத்திப் பார்த்தேன். பாதம் மிதிமேல் கிடந்தது. மறதியாக யாரோ வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி. எடு என்று சொன்னேன். குதிகால் அசைந்தது. முன்பாதம் தொங்கியது, எழவில்லை. நான் காலை எடுத்துவிட்டதாக நினைத்த அத்தனை நூறு தடவையும் கட்டளை மட்டும் போயிருக்கிறது. கால் போகவில்லை.

பாய் வேறுபக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். "மொதத் தட்டு கழட்டறப்பவே தெரிஞ்சுதுங்க்கா, காலு மேலயே இருக்குதுன்னு. இத்தன வருசமா ஓட்டறவுங்க. உங்ககிட்டப் போயி ஓட்டறது செரியில்லீங்கன்னு எப்படிங்க சொல்றது? மரியாதையா இருக்காதேன்னு உட்டுட்டனுங்."

அவரைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் ஊரில் ஒரு சொல்லுக்கு ஒரு 'ங்க' போட்டு, சொல்ல வேண்டியதை அதற்குள் மடித்து வைத்துவிடுவோம். நானும் அப்படித்தான். இடது செருப்பு மட்டும் அடிக்கடி கழன்று படியில் நின்றுவிடுவதை யாரிடமும் சொல்லவில்லை. பின்வார் வைத்த தடித்த செருப்பு ஒன்று வாங்கிக்கொண்டேன். நிலைப்படியில் இரண்டு முறை தடுக்கியது. படி உயரம் என்றேன். அந்தப் படி பன்னிரண்டு வருடமாக அதே உயரம்.

மருத்துவமனையின் நீண்ட தாழ்வாரத்தில் என் பெயரைக் கூப்பிட்டு, நடந்துவரச் சொன்னார்கள். அப்போதுதான் என் நடையின் ஓசையை முதல்முறையாகக் கேட்டேன். வலது கால் சத்தமில்லாமல் இறங்கியது. இடது கால் 'தப்' என்று தரையில் அறைந்தது. எத்தனை நாளாக இப்படி அறைந்துகொண்டிருந்தது? வீட்டில் இன்னொருவர் இருந்திருந்தால் அந்த ஓசை அவருக்குக் கேட்டிருக்கும்.

நரம்பியல் மருத்துவர் என்னைவிட இளையவர். கட்டிலில் உட்காரவைத்துக் கால் விரல்களை மேலே தூக்கச் சொன்னார். தன் கையால் எதிர்த்து அழுத்தினார். தசையின் பலத்துக்கு ஐந்து வரை மதிப்பெண் உண்டாம். எனக்கு இரண்டு. பாதத்தளர்ச்சி (பாதத்தை மேல்நோக்கித் தூக்க முடியாமல் போவது) என்றார். நரம்புக் கடத்தல் சோதனை (சிறு மின்னதிர்வு கொடுத்து நரம்பில் செய்தி ஓடும் வேகத்தை அளப்பது) செய்தார்கள். முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே, வெளிப்பக்கம், உருண்டையாக ஓர் எலும்பு முனை தட்டுப்படும். அதைச் சுற்றிக்கொண்டுதான் பாதத்தைத் தூக்கும் நரம்பு கீழிறங்குகிறது. அந்த இடத்தில் செய்தி தயங்கி நின்றது.

"எடை கொறஞ்சுதுங்களா?" என்று கேட்டார்.

"பதிமூணு கிலோங்க."

"டயட்டுங்களா?"

இல்லை என்றேன். போன சித்திரையில் மகள் நித்யா மேற்படிப்புக்கு ஜெர்மனி போனாள். கணவர் இறந்து எட்டு வருடம். ஒருத்திக்கு எதற்கு அடுப்பைப் பற்றவைப்பது என்று ராத்திரிச் சமையலை நிறுத்தினேன். பிறகு காலைச் சமையலும் நின்றது. இளைத்ததும் எல்லோரும் பாராட்டினார்கள். எப்படிங்க இப்படிக் கொறைச்சீங்க, எங்களுக்கும் சொல்லுங்க என்றார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

"வீட்டுல எப்படி உக்காருவீங்க? காட்டுங்க."

நாற்காலியில் உட்கார்ந்து காட்டினேன். வலது முட்டிமேல் இடது கால். சாயங்காலம் ஆறரைக்கு அப்படி உட்கார்ந்து ஆலைக் கணக்கு எழுதுவேன், ஃபோனைப் பார்ப்பேன், ஒன்றும் செய்யாமலும் இருப்பேன். எழுந்துபோய்ச் செய்ய வேலை இல்லை. யாரும் கூப்பிட மாட்டார்கள். மூன்று மணி நேரம்கூடப் போய்விடும்.

மருத்துவர் அந்த எலும்பு முனையை விரலால் தட்டினார். பாதம் வரைக்கும் எறும்பு ஓடியது. "இங்க மெத்தை மாதிரி கொழுப்பு இருக்குங்க. நீங்க இளைச்சதுல அது போயிருச்சு. எலும்புக்கும் எலும்புக்கும் நடுவுல நரம்ப நசுக்கிட்டு உக்காந்திருக்கீங்க, தெனமும்."

தனியாக உட்கார்ந்திருந்ததால் வந்த நோய் என்று அவர் சொல்லவில்லை. மருத்துவத்தில் அப்படி ஒரு பெயர் இல்லை.

இதே தளர்ச்சியோடு இதைப் படிப்பவர்களுக்கு, எனக்குச் சொல்லப்பட்டதைச் சொல்கிறேன். காரணம் எல்லோருக்கும் ஒன்றல்ல. சிலருக்கு இடுப்பில் முதுகெலும்புத் தட்டு விலகியது, சிலருக்குச் சர்க்கரை. சோதிக்காமல் முடிவு கட்டாதீர்கள். எனக்கு அறுவை தேவைப்படவில்லை. கால்மேல் கால் கூடாது. சம்மணம் கூடாது. சாப்பிட வேண்டும். கணுக்கால் தாங்கி (பாதம் தொங்காமல் பிடித்துக்கொள்ளும் எல் வடிவ பிளாஸ்டிக் கவசம்) ஷூவுக்குள் போட்டு நடக்க வேண்டும். வாரம் மூன்று நாள் இயன்முறைப் பயிற்சி. வண்டி ஓட்டக் கூடாது.

"எப்பங்க ஓட்டலாம்?"

"நரம்பு ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் மாதிரிதாங்க வளரும். அது வளர்ற வேகத்துக்கு நாம இருக்கோணும். ஆட்டோமேட்டிக் வண்டின்னா இடது காலுக்கு வேலையே இல்லீங்க. அதையும் யோசிங்க."

நியாயமான யோசனை. முடிந்தவர்கள் அதைச் செய்யுங்கள், வீம்பு வேண்டாம். நான் செய்யாததற்கு வசதி இல்லாதது ஒரு காரணம். இன்னொன்றை அன்றைக்கு வெளியில் சொல்லவில்லை. என் கால் எழவில்லை என்று எனக்குச் சொன்னது அந்த ஒரு மிதிதான். எழுந்துவிட்டது என்பதையும் அது சொல்லட்டும் என்றிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் எங்கள் சொந்த ஊரான நெகமத்திலிருந்து வந்தார். ஷூவுக்குள் நுழைந்திருந்த வெள்ளை பிளாஸ்டிக்கைப் பார்த்தார். காபியைத் தொடவில்லை.

"அம்மணி, ஓட்டுனது போதும். வண்டியக் குடுத்துப்போட்டு ஊருக்கு வந்துரு. மேல ரெண்டு ரூம் சும்மாதான கெடக்குது?"

"வேலை இருக்குதுங்ணா."

"வேலைக்குப் போறதுக்குக் கால் வேணுமல்லோ?"

அவர் கெட்டவர் அல்ல. பயந்தவர். தங்கை படியில் விழுந்து கிடந்தால் எத்தனை மணிக்கு யாருக்குத் தெரியும் என்று கேட்டார். இறங்கிப் போகும்போது கீழே வீட்டுக்காரம்மாவிடம் சொல்லிவிட்டே போனார். ஆனிக்குள் கால் சரியாகாவிட்டால், ஆடியில் வீடு மாற்றக் கூடாது என்பதால், ஆவணி முதல் முகூர்த்தத்தில் காலி செய்துவிடுவோம் என்று. நான் மேலே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

ராத்திரி அவரை ஃபோனில் கூப்பிட்டேன். "அந்த முகூர்த்தத்துக்குள்ள நானே தனியா நெகமத்துக்கு ஓட்டிட்டு வந்துட்டா?"

"வந்தீன்னா நான் வாயத் தொறக்கல" என்றார்.

மாசி, பங்குனி, சித்திரை. முதல் மூன்று மாதம் ஒன்றும் நடக்கவில்லை. இதை மறைக்காமல் எழுத வேண்டும். பெருவிரலைப் பார்த்து எழு என்பேன். அது சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். முட்டிக்கும் கணுக்காலுக்கும் நடுவே அளவு நாடாவை வைத்துப் பார்த்தேன். முந்நூறு மில்லிமீட்டருக்கு மேல். அதுவரை மாதம், தேதி என்று இருந்த காலம் அன்றிலிருந்து என் தோலுக்கடியில் கோடாக ஓடத் தொடங்கியது. நேற்று ஒரு மில்லிமீட்டர். இன்றைக்கு ஒன்று. நகம் வளரும் வேகத்தில் என்னிடம் என் கால் வந்துகொண்டிருந்தது, வந்தால்.

அலுவலகத்தில் மேசை வேலை கொடுத்திருந்தார்கள். ஆட்டோவில் போய் ஆட்டோவில் வருவேன். சமைத்தேன். சாப்பிட்டேன். மருந்து மாதிரி, பிறகு பசித்து.

நித்யா தினமும் வீடியோவில் வருவாள். "ஃபேஸ் ஃப்ரெஷ்ஷா இருக்கும்மா" என்பாள். முகம் எப்போதும் நன்றாகத்தான் இருந்தது. அழைப்பில் தெரிவது முகம்தான். பங்குனி வரை அவளிடம் காலைப் பற்றிச் சொல்லவில்லை. அண்ணன் சொல்லிவிட்டார். அன்றைக்கு அவள் அழவில்லை. "நீ எதையெல்லாம் கேமராவுக்குக் கீழ வெச்சிருக்கே?" என்று மட்டும் கேட்டாள்.

வைகாசியில் பெருவிரல் அசைந்தது. நூல் கட்டி இழுத்த மாதிரி, ஒரே ஒரு தடவை. குளியலறை முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். கூப்பிட்டுக் காட்ட ஆள் தேடிக் கதவு வரைக்கும் போய்விட்டேன். அப்புறம் திரும்பி வந்து குளித்தேன்.

அதன்பின் இயன்முறைப் பயிற்சியாளர் ஒன்றை அனுமதித்தார். என்ஜினைப் போடாமல், நிற்கிற காரில் உட்கார்ந்து கிளட்ச் பழகலாம். சாயங்காலம் கீழே இறங்கிக் காருக்குள் உட்காருவேன். குதிகால் தரையில். முன்பாதத்தால் அழுத்து. விடு. விட்ட பிறகு பாதம் தானாக எழ வேண்டும். எழாதபோது தொடையைத் தூக்கிக் காலை மீட்கும் திருட்டுத்தனம் எனக்கு வந்துவிட்டிருந்தது. "தொடைதாங்க வேலை செய்யுது, பாதம் தூங்குது" என்று பயிற்சியாளர் கண்டுபிடித்தார். தொடைமேல் வலது உள்ளங்கையை வைத்து அதை அடக்கிக்கொண்டு பழகினேன். இருபது தடவை. இடது கை கியரில். ஒன்று, இரண்டு, மூன்று. நகராத கார் பொள்ளாச்சி வரை போய்வரும்.

வீட்டுக்காரம்மா கேட்டருகே நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். நாலாம் நாள் பொறுக்கவில்லை.

"ஏனுங்க, பெட்ரோல் போடாம எந்தூரு போயிட்டு வாரீங்க?"

"பொள்ளாச்சிங்க."

"அங்க மழைங்களா?"

"தூறலுங்க."

சிரித்தார். அப்புறம் சிரிப்பை வைத்துக்கொண்டே, "ஆவணிக்கு ஒரு குடும்பம் கேட்டிருக்கறாங்க. வந்து ஊட்ட அளந்து பாத்துக்கட்டுங்களா?" என்றார். அடுத்த வாரம் ஒரு தம்பதி வந்து என் ஜன்னல்களுக்கு நாடா பிடித்தார்கள். நான் அளந்த நாடாவைப் போலவே மஞ்சள் நாடா.

ஆடி நடுவில் மருத்துவர் மறுபடி என் பாதத்தை எதிர்த்து அழுத்தினார். "நாலு" என்றார். மேல்பாதத்தில் மரப்பு இருக்கும், அது போக இன்னும் நாளாகலாம். போகாமலும் இருக்கலாம். ஓட்டிப் பாருங்கள். முதலில் ஓட்டத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

பக்கத்தில் உட்கார யாரைக் கூப்பிடுவது என்று இரண்டு நாள் யோசித்தேன். ஐம்பத்தோரு வயதில் அந்த ஒரு சீட்டுக்கு ஒரு பெயர் கிடைக்கவில்லை. கடைசியில் பாய்க்கு ஃபோன் செய்தேன்.

"மரியாதையெல்லாம் வேண்டாம் பாய். பாக்கறத அப்படியே சொல்லோணும்."

"செரிங்க்கா. அப்பறம் கோவிச்சுக்கக் கூடாதுங்."

மதுக்கரைப் பக்கம் கூட்டமில்லாத ஒரு மேட்டு ரோட்டுக்குக் கூட்டிப்போனார். ஆடிக் காற்று காரைப் பக்கவாட்டில் தள்ளியது. ஒவ்வொரு கியருக்கும் ஒரே கேள்வி கேட்டார்.

"கால் எங்கிருக்குது?"

"மிதிமேல."

"எதுக்கு? எடுத்து எடப்பக்கம் வைங்க. அங்க கால் வெக்கத்தான் எடம் உட்டிருக்கறான். கால் எங்கிருக்குது?"

"எடப்பக்கம்."

"சிக்னல்ல நிக்கறீங்க. கால் எங்கிருக்குது?"

"அழுத்திட்டிருக்கு."

"தப்பு. நியூட்ரல் போட்டுட்டு எடுங்க. அரை மணி நேரம் சிக்னல் உழுந்தாலும் அரைக் கிளட்ச்ல நிப்பாட்டறது நம்மூருக்காரங்களுக்கு ஒரு பழக்கம். தட்டும் போகும், காலும் போகும்."

மேட்டில் நிறுத்தி எடுக்கச் சொன்னார். கார் பின்னால் உருண்டது. பின்னால் ஒரு காய்கறி டெம்போ. பாய் அவசரப்படாமல் ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். "டெம்போக்காரர் பயந்துட்டாருங்க. நீங்க பயப்படாதீங்க."

மேட்டில் எடுப்பது இப்படி. ஹேண்ட் பிரேக் போட்டபடியே இருக்கட்டும். முதல் கியர். ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் அழுத்தி, கிளட்சை மெல்ல விட்டுக்கொண்டே வர வேண்டும். ஓரிடத்தில் தகடு பிடிக்கும். வண்டியின் முன்பக்கம் லேசாக எழும், என்ஜின் சத்தம் தணியும், ஸ்டியரிங் நடுங்கும். அங்கே காலை அப்படியே நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை விட்டால் வண்டி உருளாமல் ஏறும். இருபத்திரண்டு வருடம் அந்த இடத்தைப் பாதம்தான் எனக்குச் சொன்னது. இப்போது பாதத்துக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. காதையும் உள்ளங்கையையும் கேட்டேன். உட்கார்ந்திருந்த எலும்பையும் கேட்டேன். பதினோராவது தடவை ஏறியது.

பாய் இறங்கும்போது, "இனி நானெதுக்குங்க்கா?" என்றார். அதிலும் ஒரு மரியாதை இருந்தது. இந்த முறை அது உண்மையாகவும் இருந்தது.

ஆவணி பிறந்த மூன்றாம் நாள், காலை ஏழரைக்குத் தனியாகக் கிளம்பினேன். வீட்டுக்காரம்மா கோலம் போட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "இன்னிக்குப் பெட்ரோல் இருக்குதுங்களா?" என்றார்.

உக்கடம் மேம்பாலம் ஏறும் இடத்தில் வண்டிகள் நின்றுவிட்டன. மேட்டில், எனக்குப் பின்னால் ஒரு பேருந்து, ஒட்டி. முன்வரிசை நகர்ந்தது. அவசரத்தில் காலைச் சட்டென்று விட்டேன். என்ஜின் அணைந்தது. பேருந்துக்காரர் ஹார்னிலிருந்து கையை எடுக்கவே இல்லை. அந்தச் சத்தத்தில் என் கால் மறுபடி என்னைவிட்டுப் போனது போலிருந்தது. எங்கே இருக்கிறது? குனிந்து பார்க்கக் கூடாது. ரோட்டைப் பார்த்தபடி உள்ளே தேடினேன். இடுப்பிலிருந்து தொடங்கி, முட்டி, அந்த எலும்பு முனை, கெண்டைக்கால். அங்கே, மரத்த தோலுக்குக் கீழே, ஒரு சன்னமான பாரமாக இருந்தது. சாவியைத் திருப்பினேன். ஹேண்ட் பிரேக். முதல் கியர். முன்பக்கம் எழுந்தது. ஸ்டியரிங் நடுங்கியது. காத்திருந்தேன். ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தது. விட்டேன். ஏறியது.

கருகல் நெடி வருகிறதா என்று கிணத்துக்கடவு வரைக்கும் மோந்துகொண்டே போனேன். காற்றும் தென்னையும்தான் வந்தன.

அண்ணன் கேட்டில் நின்றிருந்தார். நான் இறங்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. இடது பாதம் மண்ணில் ஊன்றுவதைப் பார்த்தார். காரை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார், எங்காவது இடித்திருக்கும் என்ற நம்பிக்கையில்.

"தொணைக்கு ஆருமில்லையா?"

"இல்லீங்ணா. நானேதான் வந்துபோட்டேன்."

"வா, சோறு உங்கலாம்."

இலையில் இரண்டாவது முறை சோறு போட்டார். அப்புறம் கையைக் கழுவிவிட்டு, எனக்குக் கேட்கும்படியாகவே ஃபோனில் பேசினார். "ஏனுங்க, அந்த ஊட்டுச் சமாச்சாரம்... அளந்தவிய கிட்டச் சொல்லீருங்க. பாப்பா அங்கியே இருந்துக்கும்." என்னைப் பாப்பா என்று அவர் கூப்பிட்டு முப்பது வருடமிருக்கும்.

நாலு மணிக்குத் திரும்பிவிட்டேன். மாடிக் கதவைத் திறந்தால் அதே அமைதி. நாடா பிடித்த ஜன்னல்கள், வலது முட்டியும் இடது முட்டியும் தனித்தனியாக இருக்கக் கற்றுக்கொண்ட நாற்காலி. நான் வென்றது இதைத்தான். கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன்.

இப்போது கியர் மாற்றும்போதெல்லாம் ஒன்று நடக்கிறது. கிளட்சை அழுத்தியதும் என்ஜின் தனியாகவும் சக்கரம் தனியாகவும் ஓடும் அந்த அரை விநாடி. முன்பு அது இருந்ததே தெரியாது. இப்போது அது நீளமாக இருக்கிறது. அதற்குள் என் கால் எங்கே என்று கேட்டு, பதில் வாங்கி, விடுகிறேன். மரப்பு மேல்பாதத்தில் ஒரு வெற்றிலை அளவுக்கு மிச்சமிருக்கிறது. மழைத்துளி அங்கே விழுந்தால் அது பக்கத்து வீட்டில் பெய்வது போலத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நித்யா கூப்பிடும்போது ஃபோனைத் தரையில், சுவரோரமாகச் சாய்த்து வைக்கிறேன். அவள் போட்ட சட்டம் அது. முகம் அப்புறம், முதலில் கால். கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு வெறுங்காலோடு நடக்க வேண்டும். எனக்குப் பின்னால் அவள் குரல் தரையிலிருந்து வரும். "தூக்கறம்மா. நல்லாத் தூக்கற. சத்தமே இல்ல. திரும்பி வா."

பதினோரு அடி. இப்போதெல்லாம் வேகமாகவே நடக்க முடியும். ஆனாலும் மெதுவாகத்தான் நடக்கிறேன். அந்தக் கோடியைத் தொடும் வரைக்கும் ஒருத்தி என்னைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.